இரு வழி, ஒரு பீடம்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வெண்ணிற அங்கியுடன் வருகின்ற கத்தோலிக்கக் குருவானவர் எவராயினும், மக்களுக்கு அவர் 'சாமி'தான். அவர் பூசை வைப்பார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். கலியாணத்தை நடத்தி வைப்பார். மரணப் படுக்கையில் கிடப்பவருக்கு எண்ணெய் பூசுவார். மண்ணறை வரை உடன் வந்து செபம் சொல்வார். இவற்றுள் எதிலும் ஒரு சாமிக்கும் மற்றொரு சாமிக்கும் வேற்றுமை இல்லை. ஒரே பீடத்தில் நின்று ஒரே பலியை ஒப்புக்கொடுப்பவர்களே அவர்கள். ஆயினும் அவர்களுள் இரு வகையினர் உளர். ஒரு வகையினர் மறைமாவட்டக் குருக்கள். மற்றொரு வகையினர் துறவற சபைக் குருக்கள். இவ்விரு வகையினரும் பீடத்தை வந்தடையும் பாதைகள் வெவ்வேறு. பூசை முடிந்தபின் அவர்கள் திரும்பிச் செல்லும் வீடுகளும் வெவ்வேறு.

சைவக் குடியிற் பிறந்து, சைவ நெறியில் ஒழுகி, இம்மலைநாட்டில் ஆசிரியத் தொழில் செய்துவரும் நாம் இப்பொருளைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று நேயர்கள் வினவக்கூடும். அடுத்த வீட்டாரின் சமயத்தை அறிந்துகொள்வது நல்ல அயலவரின் கடமை என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் இன்னும் அண்மையானது. எம்மிடம் பயிலும் மாணவருள் கத்தோலிக்கப் பிள்ளைகளும் பலர். அவர்களுள் சிலர் உயர்தரப் பரீட்சை முடிந்தவுடன் குருமடம் புக விரும்புவர். அவ்வேளையில் பெற்றோர் பங்குத்தந்தையிடம் கேட்கக் கூசுகின்ற கேள்விகளைப் பிள்ளையின் ஆசிரியரிடம் கேட்பர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் எம்மிடம் வந்தார். அவருடைய மூத்த மகன் குருவாக விரும்பினான். தங்கை பள்ளியிற் படித்துக்கொண்டிருந்தாள். தந்தை நோயினால் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். தாயின் நகை அடகுக் கடையில் இருந்தது. "ஐயா, சாமியாரா போறதுல ரெண்டு விதம் இருக்குன்னு சொல்றாங்க. எந்த விதத்துல போனா இவன் எங்களப் பாத்துக்குவான்?" என்று அவர் கேட்டார். அக்கேள்வியில் பக்திக் குறைவு எதுவும் இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை. லயக் காமராவில் ஒருவர் உழைப்பை நால்வர் எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தில் எழ வேண்டிய கேள்விதான் அது.

அக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால் அடிப்படை வேற்றுமையை முதலில் அறிதல் வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் யாருக்கும் உரியவராகாமல் தனித்துத் திரியும் குரு என்று ஒருவர் இருக்க இயலாது. குருத்துவப் பணியில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு மறைமாவட்டத்துடனோ, ஒரு துறவற சபையுடனோ, அவை போன்ற பிறிதோர் அமைப்புடனோ சட்டப்படி இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். மறைமாவட்டத்துடன் இணைந்தவர் ஓர் இடத்துக்கு உரியவர். சபையுடன் இணைந்தவர் ஒரு சகோதரக் கூட்டத்துக்கு உரியவர். மற்றெல்லா வேற்றுமைகளும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

நுவரெலியாவும் ஹற்றனும் கண்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. கண்டி, மாத்தளை, நுவரெலியா ஆகிய மூன்று மாவட்டங்களும் அதன் எல்லைக்குள் அடங்கும். கண்டி மறைமாவட்டக் குருவாகும் ஒருவர், குருப்பட்டம் பெறுகையில் தம் ஆயருக்கும் அவருக்குப் பின் வருவோருக்கும் கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறார். மணவாழ்வை விலக்கி வாழும் கடப்பாட்டையும் ஏற்கிறார். ஆனால், ஏழ்மை என்னும் வார்த்தைப்பாட்டை அவர் கொடுப்பதில்லை. எளிய வாழ்வு வாழ வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் அவருக்குச் சொல்கிறது. எனினும் தம் பெயரிற் பொருள் வைத்திருக்கவும் பெற்றோரின் உடைமையை மரபுரிமையாகப் பெறவும் அவருக்குத் தடையில்லை. ஆயர் அவரைப் பங்கிலிருந்து பங்குக்கு மாற்றுவார். ஆனால் அம்மாற்றங்கள் பொதுவாக இம்மூன்று மாவட்டங்களின் எல்லைக்குள்ளேயே நிகழும். இன்று தலவாக்கலையிற் பணி புரிபவர் நாளை மாத்தளைக்குப் போகலாம். எங்கு போயினும் அவர் இந்த மலைகளின் குருவே.

துறவற சபையிற் சேர்பவரின் நிலை வேறு. அவர் முதலில் துறவி; பின்னரே குரு. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளையும் அவர் இறைவனுக்குக் கொடுக்கிறார். அவருடைய உழைப்பினால் வருவது எதுவாயினும் சபைக்கே சேரும். ஆசிரியராகப் பணி புரிந்தால் அச்சம்பளமும் சபைக்கே உரியது. அதற்கு ஈடாக அவருக்கு வேண்டிய உணவு, உடை, மருந்து, முதுமைப் பராமரிப்பு யாவற்றையும் சபையே ஏற்கும். சபையில் ஒருவர் குருவாகாமலே சகோதரராக வாழ்ந்து முடிக்கலாம். மறைமாவட்டக் குருமடத்தை நாடுபவருக்கோ குருத்துவம் ஒன்றே இலக்கு.

சபைகளும் தமக்குள் ஒரே வகையின அல்ல. ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றும் பெனடிக்ரைன் துறவியர், தாம் சேர்ந்த மடத்திலேயே நிலைத்திருப்பதாக வாக்களிப்பர். 1540இல் அங்கீகாரம் பெற்ற இயேசு சபையினருள் இறுதி வார்த்தைப்பாடு பெறும் குருக்கள் பலர், பாப்பரசர் அனுப்பும் இடத்துக்குச் செல்வதாக நான்காவது வார்த்தைப்பாடும் கொடுப்பர். 1816இல் பிரான்சில் தோன்றிய அமலமரித் தியாகிகள் சபையினர் ஏழைகளுக்கு நற்செய்தி கூறுவதைத் தம் தலையாய பணியாகக் கொண்டவர்கள். 1847 முதல் இலங்கையில் உழைத்து வருபவர்கள். குரு ஒருவரின் பெயருக்குப் பின்னால் 'அ. ம. தி.' போன்ற எழுத்துகள் காணப்படின் அவர் சபையைச் சேர்ந்தவர் என்று அறிந்துகொள்ளலாம்.

பயிற்சிக் காலத்திலும் வேற்றுமை உண்டு. இரு வகையினருக்கும் தத்துவக் கல்வி ஈராண்டும் இறையியற் கல்வி நான்காண்டும் குறையாமல் வேண்டும். இருபத்தைந்து வயது நிறையுமுன் குருப்பட்டம் கொடுக்கலாகாது என்பது பொது விதி. சபையினருக்கு இவற்றுடன் நவதுறவுக் காலம் ஒன்றும் உண்டு. அது பன்னிரண்டு மாதத்துக்குக் குறையாது, ஈராண்டைத் தாண்டாது. அக்காலத்தில் ஏட்டுக் கல்வி பின்னுக்கு நிற்கும். செபமும் மௌனமும் சபையின் வாழ்க்கை முறையுமே பாடங்கள். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு. பொதுவாக மூன்று முதல் ஆறு ஆண்டு சென்றபின் நித்திய வார்த்தைப்பாடு. இப்படிப் படிப்படியாகச் செல்வதனால் சபைக் குருவின் பாதை பெரும்பாலும் நீளமானது. இடையில் மனம் மாறினால் கௌரவமாக விலகுவதற்கும் இப்படிகள் இடந்தருகின்றன. குருமடத்திலிருந்து திரும்பி வரும் பிள்ளையை ஊரார் ஏளனஞ் செய்வது, அப்படிகள் எதற்காக அமைந்தன என்பதை அறியாமையால் வருவது.

இனி, அத்தாயின் கேள்விக்கு வருவோம். மறைமாவட்டக் குரு தமக்குக் கிடைக்கும் சிறு படியிலிருந்து பெற்றோருக்கு உதவலாம். அவருடைய மனச்சாட்சியே அதற்கு அளவுகோல். சபைக் குருவுக்குத் தம் விருப்பப்படி கொடுப்பதற்குக் கையிற் காசு இராது. குடும்பத்தில் உண்மையான இக்கட்டு நேர்ந்தால் தலைவரிடம் கேட்கலாம். தலைவர் இரக்கத்துடன் ஆவன செய்வதும் உண்டு. ஆனால், கேட்க வேண்டும் என்பதே ஏழ்மை வார்த்தைப்பாட்டின் பொருள்.

இவ்விடத்திற் பழைய சட்டமொன்றை நினைவு கூர்தல் தகும். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, கடும் வறுமையில் வாடும் தந்தை, தாய், பாட்டன், பாட்டி ஆகியோரைத் தாங்க வேண்டிய பிள்ளையை நவதுறவில் ஏற்பது முறையன்று என்று வெளிப்படையாகவே கூறியது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அவ்வாசகம் இடம் பெறவில்லை. ஒவ்வொருவரின் தகுதியையும் ஆராய்ந்து முடிவு செய்யும் பொறுப்பு சபைத் தலைவர்களிடம் விடப்பட்டது. எனினும், தீர்க்க முடியாத கடன் உள்ளவரை நவதுறவில் ஏற்கலாகாது என்னும் விதி இன்றும் உண்டு. இறைவனிடம் போவதாகச் சொல்லிக் கடன்காரனிடமிருந்து ஓடலாகாது என்பதே இதன் கருத்து. மற்றொரு விதியும் தோட்டப் புறத்தினர் அறிய வேண்டியது. எவ்வகைக் குருவாயினும், தம் சொந்தப் பொருளைக் கொண்டேனும் தம் மேலதிகாரியைக் கலந்துகொள்ளாமற் பிறருடைய கடனுக்குப் பிணை நிற்கலாகாது. வங்கிக் கடனுக்கு ஆள் பிணை தேடுவோர், மறுத்துவிட்ட சாமியைக் கல்மனத்தர் என்று எண்ண வேண்டுவதில்லை.

இவற்றையெல்லாம் நாம் அறிந்த அளவில் அத்தாய்க்கும் மகனுக்கும் சொன்னோம். மகன் மௌனமாகக் கேட்டான். அவனுடைய உள்ளம் சபையொன்றின்பால் ஈர்க்கப்பட்டிருந்தது. "அம்மாவுக்குக் காசு அனுப்புவதற்காக நான் மறைமாவட்டத்துக்குப் போனால், அது அம்மாவுக்கும் நல்லதல்ல, மறைமாவட்டத்துக்கும் நல்லதல்ல, ஐயா" என்று அவன் சொன்னது எமக்கு வியப்பளித்தது. வருமானத்துக்காக ஒரு வழியைத் தேர்வது அவ்வழியை இழிவுபடுத்துவது என்பதை, பதினெட்டு வயதுக்குரிய தெளிவுடன் அவன் கண்டிருந்தான். ஆனால் அவசரப்படவில்லை. பங்குத்தந்தையின் ஆலோசனைப்படி சில காலம் காத்திருக்க முடிவு செய்தான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினான். நகை அடகுக் கடையிலிருந்து மீண்டது. தங்கையும் தன் பரீட்சையை எழுதி முடித்தாள். அதன் பின்னரே அவன் சபையின் வாயிலைத் தட்டினான். தாய் அழுதார், ஆனால் தடுக்கவில்லை.

மலைநாட்டின் வரலாற்றை நோக்கினால் இவ்விரு வழிகளும் எவ்வளவு பின்னிப் பிணைந்தவை என்பது விளங்கும். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தவர் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகள். 1692இல் கண்டி இராச்சியத்தை அடைந்தபோது ஒற்றர் என்னும் ஐயத்தின் பேரிற் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் அரசனின் நன்மதிப்பைப் பெற்று, தமிழும் சிங்களமும் பேசித் தொண்டாற்றி, 1711இற் கண்டியிலேயே மறைந்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத் திடலில் அவர் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார். இவர் 1676இல் மறைமாவட்டக் குருவாகவே பட்டம் பெற்றவர். பின்னர் 1685இற் கோவாவில் ஒறற்றோரியன் கூட்டத்திற் சேர்ந்தார். அக்கூட்டத்தினர் துறவற வார்த்தைப்பாடு கொடாமலே சமூகமாகக் கூடி வாழ்பவர்கள். ஆகவே இவரை எந்தப் பட்டியலில் அடக்குவது என்று வாதிடுவோர் திகைப்பர். இரு வழிகளுக்கும் இடையில் ஒரு நடைபாதையும் உண்டு என்பதற்கு இவரே சான்று.

பிற்காலத்தில் இம்மலைகளிற் பணியை ஏற்றவர்கள் சில்வெஸ்திரின் பெனடிக்ரைன் துறவியர். 1845இல் இவர்கள் இலங்கைக்கு வந்தனர். கட்டுகஸ்தோட்டையில் இன்று விளங்கும் புனித அந்தோனியார் கல்லூரி 1854இல் அவர்கள் தொடக்கியது. 1883இல் கண்டி தனி ஆட்சிப் பிரிவாகி, 1886இல் மறைமாவட்டமாயிற்று. பக்னானி, பீக்மேயர், ரெக்னோ, லியோ நாணாயக்கார ஆகிய முதல் நான்கு ஆயர்களும், அக்கால வழக்கிற் சொன்னால் மேற்றிராணிமாரும், அச்சபைத் துறவியரே. 1973 முதல் ஆயர்களாக வந்தோர் மறைமாவட்டக் குருக்கள். அந்நிய நாட்டுத் துறவியர் நட்ட நாற்று, உள்ளூர்க் குருக்களின் வயலாக விளைந்தது எனலாம்.

இதற்கு உதவியது கண்டியை அடுத்த அம்பிட்டிய. பாப்பரசர் 13ஆம் லியோ, இந்திய நாட்டவரே தம் மக்களுக்குக் குருக்களாக வேண்டும் என்னும் நோக்குடன் 1893இல் அங்கே ஒரு குருமடத்தை நிறுவினார். அதனை நடத்தும் பொறுப்பு இயேசு சபைத் துறவியரிடம் ஒப்படைக்கப்பட்டது. மறைமாவட்டக் குருக்களை உருவாக்கத் துறவியர் ஆசிரியராய் அமர்ந்தனர். 1955இல் அக்குருமடம் புனேக்கு மாறிற்று. அதே வளாகத்தில் இலங்கைக்குரிய தேசியக் குருமடம் தோன்றியது.

சபையினரின் சுதந்திரம் எதற்குப் பயன்படும் என்பதற்கும் இம்மலைகளில் எடுத்துக்காட்டு உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்குமாகப் பங்கிடப்பட்ட தோட்டத் தொழிலாளர்களின் உரிமைக்காகப் பல்லாண்டு எழுதியும் பேசியும் உழைத்தவர் இயேசு சபையைச் சேர்ந்த போல் காஸ்பர்ஸ் அடிகள். 1972இற் கண்டியில் அவர் அமைத்த சத்தியோதய நிலையத்திற் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து பணியாற்றினர். ஒரு பங்கின் பூசையும் கணக்கும் அவர் தோளில் இருந்திருந்தால் இப்பணிக்கு நேரம் வாய்த்திருக்குமோ என்பது ஐயமே. அதே 1972இல் ஆயர் லியோ நாணாயக்கார, வசதி மிக்க கண்டியை விட்டுப் புதிதாகத் தோன்றிய பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயராகச் சென்றார். அங்கே அவருடன் இணைந்து உழைத்தவர் அமலமரித் தியாகிகள் சபையின் மைக்கல் றொட்றிகோ அடிகள். புத்தளையில் ஏழை விவசாயிகளிடையே வாழ்ந்த அவர், 1987 நவம்பர் 10ஆம் நாள் பூசைப் பீடத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்வாறு சொல்லும்போது மறைமாவட்டக் குருவின் பணி சிறிதென்று எவரும் எண்ணலாகாது. ஹற்றன், பொகவந்தலாவைப் பகுதிகளில் ஒரு பங்கு என்பது ஒரு கோயிலன்று. மலைக்கு மலை சிதறிய தோட்டங்கள் பல. மழையிலும் பனி மூட்டத்திலும் அப்பாதைகளிற் சென்று, லயங்களின் குடும்பச் சண்டை முதல் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வரை கேட்டுத் தீர்த்து, இரவில் தனி வீட்டுக்குத் திரும்பித் தனியே உண்பவர் அவர். சபைக் குருவுக்குச் சகோதரர் உளர்; இவருக்குத் தனிமையே துணை. துறவியின் சிலுவை கீழ்ப்படிதல் என்றால், பங்குக் குருவின் சிலுவை தனிமை. பிரான்சின் ஆர்ஸ் என்னும் சிற்றூரில் 1818 முதல் 1859 வரை பங்குக் குருவாய் இருந்த ஜோன் மரிய வியான்னி, துறவு மடம் சென்று தனித்துத் தவஞ் செய்ய விரும்பிப் பன்முறை ஊரை விட்டுப் புறப்பட்டார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். பங்குக் குருக்களின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றுவது அவரைத்தான்.

சபைக் குரு பங்கொன்றிற் பணி புரியும்போது இரு தலைவர்களுக்கு உட்படுகிறார். ஆன்மப் பணியில் ஆயருக்கும், தம் வாழ்க்கை ஒழுங்கிற் சபைத் தலைவருக்கும் அவர் கட்டுப்பட்டவர். சபைத் தலைவரின் இசைவுடன் ஆயர் நியமிப்பார். இருவருள் எவரும் மற்றவருக்கு அறிவித்து அவரைப் பதவியிலிருந்து விலக்கலாம். நன்கு பழகிய சாமி திடீரென யாழ்ப்பாணத்துக்கோ கடல் கடந்தோ போய்விட்டார் என்று மக்கள் வருந்துவதன் காரணம் இதுவே.

சைவ நேயர்களுக்கு இதனை விளக்க நம்மிடையேயும் உவமை உண்டு. கோயிலோடும் ஊரோடும் பிணைந்த குருக்கள் ஒரு புறம். ஆதீனத்துத் தம்பிரானும் இராமகிருஷ்ண சங்கத்துச் சுவாமியும் மறு புறம். காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனனார், 1924இற் சந்நியாசம் பெற்று விபுலாநந்த அடிகளானார். அதன்பின் அவர் ஓர் ஊருக்கு மட்டும் உரியவராக இல்லை. சங்கத்தின் கல்விப் பணிக்கும் தமிழுக்கும் உரியவரானார். உவமை முற்றும் பொருந்தாது. நம் குருக்கள் இல்லறத்தார், மறைமாவட்டக் குருவோ மணஞ் செய்யாதவர். எனினும் ஊருக்கு உரியவர், கூட்டத்துக்கு உரியவர் என்னும் வேற்றுமை விளங்க இது போதும்.

எது உயர்ந்தது என்று கேட்போருக்குத் திருச்சபையின் நடைமுறையே விடை தருகிறது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் ஏறத்தாழ 4,07,000 கத்தோலிக்கக் குருக்கள் இருந்தனர். மூன்றில் இரு பங்கினர் மறைமாவட்டத்தவர். 2ஆம் யோவான் பவுல், 16ஆம் பெனடிக்ற் ஆகிய பாப்பரசர் இருவரும் மறைமாவட்டக் குருக்களாய் இருந்தவர்கள். பின்வந்த பிரான்சிஸ் இயேசு சபையினர். 2025 மே மாதம் தெரிவான 14ஆம் லியோ அகுஸ்தீனார் சபையினர்.

ஆகவே, குருவாக விரும்பும் இளைஞர்கள் 'எது பெரிது' என்று கேளாது, 'யாருக்கு உரியவனாக வாழ என்னால் இயலும்' என்று தம்மைத் தாமே கேட்பாராக. தாம் பிறந்த மலைகளின் மக்களை விட்டு நீங்க மனமில்லாதவருக்கும், தனிமையைத் தாங்கும் வலிமை உள்ளவருக்கும் மறைமாவட்டம் காத்திருக்கிறது. தம் பெயரில் எதுவும் இல்லாமல், சொன்ன இடத்துக்குச் சென்று, சகோதரரோடு கூடி வாழ விழைபவருக்குச் சபைகளின் வாயில் திறந்திருக்கிறது. பெற்றோருக்கும் ஒரு சொல்: பிள்ளை எவ்வழியிற் செல்லினும், அவன் தரக்கூடியது எது, தர இயலாதது எது என்பதை முன்னரே நேரிற் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடனையும் நோயையும் தங்கையின் படிப்பையும் மறைக்காமற் பேசுங்கள். அப்படித் தெரிந்து கொடுக்கும் பிள்ளையே காணிக்கை. தெரியாமற் கொடுப்பது பிற்காலத்தில் மனக்குறையாகவே முடியும்.